என் குரலை எடுத்துச் சென்ற மகளுக்கு

பிள்ளை,

பதினொரு நாளாக நீ அழைக்கும்போதெல்லாம் நான் எடுக்கவில்லை. அப்பாவிடம் கேட்டு, நான் சுகமாக இருக்கிறேன் என்று அறிந்திருப்பாய். சுகமாகத்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிறேன், பின்னேரம் ரியூசன் வகுப்பு எடுக்கிறேன், சமைக்கிறேன். உன்னோடு போனில் கதைப்பது மட்டும்தான் முடியவில்லை. வாயைத் திறந்தால், அந்தப் பக்கத்தில் என் குரல் எங்கேயோ பதிவாகிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இருபத்தாறு வருடம் வகுப்பறையில் சத்தமாகக் கதைத்துப் பிழைத்தவள் நான். இப்போது கறிக்கு உப்புக் காணுமா என்று உன் அப்பாவிடம் கேட்பதற்கு முன்கூட மேசையையும் தட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நான் சொல்ல நினைப்பது மட்டும்தான் உன்னிடம் வரும்.

நான் உன் தொழிலுக்கு எதிரி என்று உன் நண்பர்களிடம் சொல்லியிருப்பாய். அது முழுவதும் சரியில்லை. நீ செய்த முதல் விளையாட்டை முதலில் விளையாடியவள் நான். அப்போது உனக்குப் பதினைந்து வயது. என்னுடைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் ஏறவில்லை என்று நான் குசினியில் சமைத்தபடி புலம்பித் திரிந்ததைக் கேட்டு, ஒரு கிழமை கழித்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். மரத்திலிருந்து மாம்பழங்கள் விழும். ஒவ்வொரு பழத்திலும் ஒரு பின்னம் எழுதியிருக்கும். கூட்டினால் சரியாக ஒன்று வரும்படி கூடையில் பிடிக்க வேண்டும். கணித ஆசிரியையான நான் முதல் தரம் ஒரு நிமிடத்துக்குள் தோற்றேன். நீ நிலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அடுத்த நாள் அதை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பின்னம் என்றால் தலையைக் குனிகிற பிள்ளைகள் வாங்கில் ஏறி நின்று தங்கள் முறைக்குச் சண்டை பிடித்தார்கள். அதிபரைக் கூட்டிவந்து காட்டினேன். யார் செய்தது என்று அவர் கேட்டதும், என்ரை மகள் என்று சொன்னேன். அன்று முழுவதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

பிறகு உயர்தர வகுப்பு வந்தது. கணிதப் பிரிவை எடு என்று நான்தான் சொன்னேன். நீ எடுத்தாய். ஆனால் பயிற்சிக் கொப்பிக்குக் கீழே கட்டத்தாளில் வீடுகளும் வழிகளும் கீறிக்கொண்டிருந்தாய். காணொளிகளைப் பார்த்து நீயாகவே நிரல் எழுதப் பழகினாய். மூன்று நாளுக்குள் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டிய போட்டிகளில், முகம் தெரியாத ஆட்களோடு சேர்ந்து கலந்துகொண்டாய். கண்டியில் ஒருவர் படம் கீறுவார், சென்னையில் ஒரு பெண் இசை அமைப்பாள், நீ இரண்டையும் பொருத்தி ஓட வைப்பாய். எனக்கோ அதெல்லாம் கேம் விளையாடுவதுதான். செய்வதற்கும் விளையாடுவதற்கும் உள்ள வித்தியாசம் சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று ஒருநாள் சொன்னாய். நல்ல உதாரணம். வாய்க்கு வாய் காட்டுகிறாய் என்று அதற்கும் ஏசினேன். தவணைச் சோதனையில் மார்க்ஸ் குறைந்ததும் உன் மடிக்கணினியையும் போனையும் வாங்கி, என் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு வருடம் உன் அறைக் கதவுக்கு வெளியே நின்று நான் என்ன சொன்னேன் என்பதை நான் மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. சேமித்து வைத்திருந்தாய்.

பெறுபேறு வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாது. ஒரு வருடம் வீட்டில் இருந்தாய், நாங்கள் இருவரும் சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. பிறகு கொழும்பில் சின்னம்மா வீட்டில் நின்று ஒரு குறுகிய கால வகுப்புப் படித்து, சின்ன நிறுவனம் ஒன்றில் விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாய். அந்த வேலையைப் பற்றி நீ சொன்னது எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. ஒரு நாள் முழுவதும் விளையாட்டுக்குள் உள்ள ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டிப் பார்க்க வேண்டும், எந்தச் சுவருக்குள்ளால் ஆள் புகுந்து போகிறதோ அதைக் குறித்துக் கொடுக்க வேண்டும் என்றாய். நீயும் பேப்பர் திருத்துகிறவளாகத்தான் வந்திருக்கிறாய் என்று சொன்னேன். இருவரும் சிரித்தோம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு. தொடக்கக்காரர்கள் எல்லோரும் பெரிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விடுவார்கள், சின்னதாகச் செய்து முடிக்கிறவர்தான் இந்தத் தொழிலில் நிற்பார் என்று உன் மேலதிகாரி சொன்னதாகச் சொன்னாய். அதை நான் என் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், உன் பெயரையும் சேர்த்து.

அதனால்தான், சனி ஞாயிறுகளில் பழைய நண்பர்கள் இருவரோடும் சேர்ந்து சொந்தமாக ஒரு விளையாட்டு முடித்து இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னபோது, நான் ஊருக்கெல்லாம் சொன்னேன். பெயர் என்ன என்று கேட்டேன். "அம்மா வாறா" என்றாய். அம்மா வீட்டுக்கு வருவதற்குள் பிள்ளைகள் வீட்டை ஒதுக்கி வைக்கும் விளையாட்டாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆசிரியர் ஓய்வறையில் அப்படித்தான் விளக்கமும் சொன்னேன். நானும் விளையாடிப் பார்க்கட்டோ என்று கேட்டதற்கு, "அது உங்கடை போனிலை வேலை செய்யாது அம்மா" என்றாய். நான் நம்பினேன். நீ சொன்னால் நம்புவதுதான் என் பழக்கம்.

எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் விஞ்ஞான ஆசிரியையை உனக்குத் தெரியும். உனக்கு ஒன்பதாம் வகுப்பில் படிப்பித்தவர். ஒரு நாள் இடைவேளையில் மற்றவர்கள் எழும்பிப் போகும்வரை காத்திருந்து, போனை என் பக்கம் திருப்பினார்.

"ரீச்சர், கேக்கிறன் எண்டு கோவிக்கப்படாது. இது உங்கடை குரலோ?"

"கதவைத் திற. உள்ளுக்கை என்ன செய்யிறாய்? எனக்கு எல்லாம் கேக்குது" என்று அந்தப் போன் சொன்னது. என் குரல். ஒட்டியோ வெட்டியோ செய்ததல்ல, நானேதான். இல்லை என்று சொன்னேன். அவர் போனை அணைத்துவிட்டுத் தன் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தார். அவர் காட்டிய அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து விறாந்தையில் இருந்து தேடிப் பார்த்தேன். சென்னைத் தம்பி ஒருவர் உன் விளையாட்டை விளையாடியபடி கதைக்கும் காணொளி கிடைத்தது. நம் வீடு. அறைகளுக்கு நடுவால் குசினிக்குப் போகும் ஒடுங்கிய ஓடை, உடைந்த படி, வலது பக்கத்தில் சாமியறை, எல்லாம் அப்படியே. ஒரு பெண்பிள்ளை சத்தம் போடாமல் வீட்டுக்குள் நடந்து ஒரு திறப்பைத் தேட வேண்டும். வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாள். அவளைக் காண முடியாது. குரல் மட்டும்தான். அது கிட்ட வந்தால் விளையாட்டு முடிந்தது. "ஐயோ, அந்த அம்மா வந்துட்டாங்கடா" என்று அந்தத் தம்பி கதிரையிலிருந்து துள்ளி எழும்புகிறார். பிறகு என் வசனத்தை நம் பேச்சிலேயே திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரிக்கிறார். "நான் உனக்கு என்ன குறை வைச்சனான்?" "சத்தம் போடாதை, ரோட்டாலை போற சனம் கேக்கும்." ரோட்டால் போகிற சனம் கேட்கக்கூடாது என்று நான் பயந்து சொன்னதை இப்போது உலகம் கேட்கிறது. இன்னொன்றையும் கவனித்தேன். எந்த வசனத்தையும் உன் பெயரைக் கூப்பிட்டு முடிப்பதுதான் என் பழக்கம். அந்தப் பெயர் வரும் இடங்களையெல்லாம் சிறிதும் தெரியாமல் வெட்டி எடுத்திருந்தாய். உன்னை மறைக்க உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காணொளியைப் பாதியோடு நிறுத்திவிட்டேன்.

உன் அப்பா முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். போனை அவர் முன் நீட்டினேன். அவருடைய முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொங்கலுக்கு வந்தபோதே நீ அவருக்குக் காட்டியிருக்கிறாய். சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாய். அவரும் சொல்லவில்லை. ஒன்று தொடங்கினால் மற்றதும் வரும்தானே. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவராகவே சொன்னார்.

"அலுமாரிக்கு நான்தான் இன்னொரு திறப்பு வெட்டிக் குடுத்தனான். நீர் வகுப்பாலை வாறவரைக்கும் பிள்ளை செய்யட்டும் எண்டு விட்டிட்டன்."

மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை நான் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தேன். அந்த மூன்று மணித்தியாலமும் என் வீட்டில் அலுமாரி திறந்திருந்தது. நான் ஆறு மணிக்குச் சைக்கிளை எடுக்கும்போது நீங்கள் இருவரும் எல்லாவற்றையும் பழையபடி வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். ஒரு வருடம் முழுவதும். நான் ஏசியதை அவருக்குக் கேட்க வைப்பதற்காக, அவர் தந்த, சிம் இல்லாத பழைய போனில்தான் பதிவு செய்யத் தொடங்கினாய் என்றும் சொன்னார். எனக்குத் தெரியாமல் என் வீட்டில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. சாட்சி இருந்தது, நீதிபதி இருந்தார். என்னிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமை நீ அழைத்தாய். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உங்கள் விளையாட்டை வாங்கி விலைக்கு வெளியிட விரும்புகிறது, உனக்கு அங்கே வடிவமைப்பாளர் வேலையும் தருகிறது, ஆனால் குரலுக்கு உரியவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் செய்ய மாட்டார்களாம். உன் நாலு வருட உழைப்பின் பலன் என் கையெழுத்தில் வந்து நின்றது. எனக்குத் தெரியும் என்று நான் சொன்னதும் நீ அழுதாய். முதலில் வேறொரு அக்காவை வைத்து அதே வசனங்களைப் பேச வைத்ததாகவும், அது நடிப்புப் போல இருந்ததாகவும், என் குரலைப் போட்டுப் பார்த்ததும் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னாய்.

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பிள்ளை?"

"கேட்டிருந்தால் ஓம் எண்டு சொல்லியிருப்பியளோ அம்மா?"

நான் போனை வைத்தேன். அன்றிலிருந்துதான் இந்தப் பதினொரு நாள்.

அப்பா சம்மதப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பத்தொன்பது ஒலிப்பதிவுகள், வரிசையாகப் பெயர் போட்டு. கதவு ஒன்று, கதவு இரண்டு, ஓடை, குசினி என்று போய்க் கடைசியில் சாமியறை. ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துக்கு ஒரு கட்டம். நீ ஒலிகளையும் அனுப்பியிருந்தாய். அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டேன். பதினெட்டிலும் நான் பொல்லாதவள். ஆனால் ஒன்றிலும் பொய் இல்லை. நான் அப்படித்தான் கதைத்தேன். பத்தொன்பதாவது மணிச் சத்தத்தோடு தொடங்கியது. விளையாட்டுக்கு மணியோசை எடுத்துவிட்டு, பதிவை நிறுத்தாமல் போனைச் சாமியறையிலேயே வைத்துவிட்டு நீ வெளியே போயிருப்பாய். பெறுபேறு வந்து நாலாம் நாளாக இருக்க வேண்டும். நான் உள்ளே வந்து கதவைச் சாத்துவது கேட்கிறது. பிறகு அழுகை. நான் அழுதால் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. பிறகு சொல்கிறேன்: "நான் பொய் சொல்லிப்போட்டன், அப்பனே. பிள்ளைக்குத் தெரியக்கூடாது."

அந்தப் பொய்யை உனக்கு இப்போது சொல்கிறேன். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது என் போனுக்குக் கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. விளையாட்டுகள் செய்யும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு பெண். உன் போன் என்னிடம் இருந்ததால் விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தாய். பூட்டிய கணினியிலிருந்து எப்படி விண்ணப்பித்தாய் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். நீ அனுப்பிய சின்ன விளையாட்டு தங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது, பரீட்சை முடிந்ததும் ஆறு மாதப் பயிற்சிக்கு வரட்டும் என்று மரியாதையாகத் தமிழில் கதைத்தார். அவ பல்கலைக்கழகத்துக்குப் போகப் போறா, விருப்பமில்லை என்று சொல்லச் சொன்னவ என்று நான் சொன்னேன். அவர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு நீ ஒவ்வொரு நாளும் கேட்டாய், "ஆரும் எடுத்தவையோ அம்மா?" என்று. இல்லை என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். பரீட்சை எழுதும் நாட்களில்கூடக் கேட்டாய். உனக்குத் திறமை காணாது என்றுதான் அவர்கள் பதில் போடவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். அதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலின் முதல் கதவை உனக்கு யாரோ திறந்தார்கள். சாத்தியது நான்.

இதை ஒருநாளும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பதிவைக் கேட்டபோதுதான், நாலு வருடமாக அது உன்னிடம் இருக்கிறது என்பது விளங்கியது. முழுவதும் விளங்காவிட்டாலும் உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு என் கையால் சாப்பிட்டாய். தெரிந்துகொண்டு கொழும்புக்கு பஸ் ஏறும்போது என்னைக் கட்டிப்பிடித்தாய். முதல் சம்பளத்தில் எனக்குச் சேலை வாங்கிக்கொண்டு வந்தாயே, அதை என்ன மனத்தோடு தெரிவு செய்தாய்? ஒருமுறை, ஒரே ஒருமுறை, என்ன பொய் அம்மா என்று நீ கேட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. எடுத்து விளையாட்டில் வைத்தாய். நான் உன் வாழ்க்கையை உன்னைக் கேளாமல் தீர்மானித்தேன், நீ என் அழுகையை என்னைக் கேளாமல் கொடுத்தாய். எது பெரிது என்று என்னால் கணக்குப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிப் பூச்சியமாகவும் போகவில்லை. நான் செய்ததும் இருக்கிறது, நீ செய்ததும் இருக்கிறது, இரண்டும் நோகிறது.

நீ இனித்தான் இந்தத் தொழிலில் நடக்கத் தொடங்குகிறாய். எனக்கு நிரல் எழுதத் தெரியாது, அதைப்பற்றி உனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தருகிற ஒப்பந்தம் எதையும் இரண்டு தரம் வாசி. படம் கீறியவர், இசை அமைத்தவள் பெயர்கள் உன் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவில் வருகிறதா என்று பார். நாளைக்கு நீ ஆட்களைத் தெரிவு செய்யும் இடத்துக்கு வருவாய். அப்போது விண்ணப்பித்த பிள்ளையோடு நீயே கதை. தாயோடும் தகப்பனோடும் கதைத்துவிட்டு விடாதே. இடம் இல்லை என்றாலும் இல்லை என்று எழுதிப் போடு, எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கும். உண்மையாக இருக்கிறது என்பதற்காக உயிரோடிருக்கும் ஒருவரின் எதையும் எடுக்காதே. கேள். இல்லை என்று சொன்னால் அந்த இல்லையோடு வேலை செய். நீ கெட்டிக்காரி, உன்னால் முடியும். அந்த மாம்பழ விளையாட்டுக்கு யாரையும் காயப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

படிவத்தை இதோடு அனுப்புகிறேன். முதல் பதினெட்டுக்கும் எதிரே கையெழுத்து வைத்திருக்கிறேன். அவை உனக்குச் சொன்னவை. சொன்ன அன்றே உன்னுடையவை ஆகிவிட்டன, வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய். உலகம் என்னைக் கண்டு பயப்படட்டும். பத்தொன்பதாவதன் மேல் கோடு கீறியிருக்கிறேன். அது உனக்குச் சொன்னதல்ல. உனக்குச் சொல்ல வேண்டியிருந்ததை மேலே உனக்கே எழுதிவிட்டேன். அந்த இடத்தில்தான் விளையாடுகிற எல்லோரும் கதைக்காமல் இருந்துவிடுகிறார்கள், அதுதான் விளையாட்டின் உயிர் என்று அந்த நிறுவனத்தார் சொன்னதை அப்பா எனக்குச் சொன்னார். அது இல்லாமல் அவர்கள் வாங்காமல் விடவும் கூடும். விட்டால், உன் வழியை நான் மறித்தது இது இரண்டாவது தரம். முதல் தரம் உனக்குத் தெரியாமல் செய்தேன். இந்தத் தரம் உனக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

அம்மா